மூக்குக்கண்ணாடியும் மெய்நிகர்க் காட்சியும்

கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் புறப்படும் புகைவண்டி, பட்டிப்பொளை உச்சியைக் கடந்த பின்னர், அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என ஒவ்வொரு நிலையமாக இறங்கி, ஈற்றில் பதுளையை அடைகின்றது. இருப்புப்பாதை பதுளை வரை வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலாகும். அன்று தொட்டு இன்று வரை, அப்பாதையிற் செல்லும் பயணிகளின் கண்களை முதலிற் கவர்வது இரு மருங்கும் விரிந்து கிடக்கும் தேயிலை மலைகளே. பச்சைக் கம்பளம் என்று சிலர் அதனை வருணிப்பர். அக்கம்பளத்தின் நடுவே, தலையிற் கூடை தொங்க, வரிசையாக நிற்கும் பெண்களையும் அவர்கள் காண்பர்.

ஆனால் அந்தப் பெண்களின் கண்கள் மலையைப் பார்ப்பதில்லை. கைக்கெட்டும் தூரத்தில், ஒரு முழத்துக்குச் சற்று அப்பால், செடியின் மேற்பரப்பிலே அவை நிலைத்திருக்கின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்து எது, முற்றிய இலை எது, பறிக்காமல் விடவேண்டிய இளந்தளிர் எது என்பதை நொடியில் தெரிந்து, விரல்களுக்கு ஆணையிடும் வேலை அக்கண்களுக்கு உரியது. காலை முதல் மாலை வரை பல்லாயிரம் முறை இத்தேர்வு நிகழ்கின்றது. கொழுந்து பறித்தலைக் கைத்தொழில் என்றே உலகம் கருதுகின்றது. உண்மையில் அது கண்தொழிலும் ஆகும்.

இக்காலத்திலே கண்ணுக்கென்று புதிதாக ஒரு கருவி தோன்றியிருக்கின்றது. முகத்தை மூடிக் கட்டிக்கொண்டால், இருக்கும் இடம் மறைந்து வேறோர் இடம் கண்முன் விரியும். மெய்நிகர்க் காட்சிக் கருவி என்றும், சுருக்கமாக வி.ஆர். கருவி என்றும் அதனை வழங்குகின்றனர். மாணவர் சந்திரனிலே உலாவலாம். இதயத்தின் அறைகளுக்குள்ளே புகுந்து பார்க்கலாம். ஆயினும் அக்கருவியைக் கையிலெடுக்கும் பலர் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "மூக்குக்கண்ணாடி அணிபவர் இதனை எவ்வாறு அணிவது?" சிறிய கேள்வியாகத் தோன்றும் இது, ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உடையது. அவ்வரலாற்றின் ஒரு கிளை ஊவாவின் தேயிலை மலைகளையும் தொட்டுச் செல்கின்றது.

மூக்குக்கண்ணாடியின் பிறப்பிடம் இத்தாலி நாடு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குவிவில்லைகள் இரண்டை இணைத்து மூக்கின்மேல் வைத்துக்கொள்ளும் வழக்கம் தோன்றியது. அக்கண்ணாடி முதலில் உதவியது முதியோருக்கேயாம். நாற்பது வயதை அண்மிக்கும்போது, கண்ணினுள்ளே இருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கின்றது. தொலைவிலுள்ளது தெளிவாகத் தெரியும், கையிலுள்ளது மங்கும். எழுத்துகள் வெளுத்துத் தோன்றுவதால் தமிழர் இதனை வெள்ளெழுத்து என்றனர். நோயின் பெயரையே எழுத்தோடு சேர்த்து வைத்தமையால், வெள்ளெழுத்து என்பது படிப்பவர்க்கு மட்டுமே உரிய குறை என்றொரு மயக்கமும் உண்டாயிற்று. ஊசியிற் நூல் கோப்பவளுக்கும், அரிசியிற் கல் பொறுக்குபவளுக்கும், கொழுந்து பறிப்பவளுக்கும் அதே குறை அதே வயதில் வருகின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிட்டப்பார்வைக்கான குழிவில்லைகள் பின்னரே வந்தன. 1825ஆம் ஆண்டில் ஆங்கில வானியலறிஞர் ஜோர்ஜ் எயரி, தமது இடக்கண்ணின் கோணற் பார்வையைத் தாமே அளந்து, அதனைத் திருத்தும் உருளைவில்லையை வகுத்தார். 1862இல் ஒல்லாந்து மருத்துவர் ஸ்நெல்லன், இன்று வைத்தியசாலைச் சுவர்களிலெல்லாம் காணப்படும் எழுத்து அட்டையை அமைத்தார். தமிழகத்திலே, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கண்நோயாளரின் விவரங்களைப் படங்களோடு குறித்து வைக்கச் செய்தார். சென்னையிலே 1819ஆம் ஆண்டில் கண் மருத்துவமனை நிறுவப்பட்டது. கொழும்பிலே இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் விக்டோரியா நினைவுக் கண் வைத்தியசாலை எழுந்தது. இவ்வாறு கண் மருத்துவம் நகரங்களிலே வேரூன்றிய காலத்திலே, மலைநாட்டுத் தோட்டங்களின் நிலை வேறாயிருந்தது. அங்கே மருத்துவத்தின் முதற் கவலை கொக்கிப்புழு, வயிற்றோட்டம், காய்ச்சல் ஆகிய உயிர்க்கொல்லி நோய்களே. உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த இடத்திலே, மங்கும் கண்ணைப் பற்றிக் கேட்பார் அரிதாயினர்.

இனி, காட்சிக் கருவியின் வரலாற்றைப் பார்ப்போம். மனிதனுக்குக் கண்கள் இரண்டு. அவை ஏறத்தாழ 63 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒவ்வொரு கண்ணும் சற்று வேறுபட்ட காட்சியையே பெறுகின்றது. அவ்விரண்டையும் மூளை ஒன்றாக இணைக்கும்போது ஆழம் என்னும் உணர்வு பிறக்கின்றது. இவ்வுண்மையை 1838ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்தின் முன் விளக்கியவர் சார்ள்ஸ் வீட்ஸ்டன். இரண்டு ஆடிகளைக் கொண்டு, இடக்கண்ணுக்கு ஒரு படமும் வலக்கண்ணுக்கு வேறொரு படமும் காட்டி, தட்டைத் தாளிலிருந்து திரண்ட உருவம் எழச் செய்தார். ஸ்டீரியஸ்கோப் எனப்பட்ட அக்கருவியே இன்றைய வி.ஆர். கருவிக்கு மூதாதை.

1849இல் டேவிட் புரூஸ்டர் ஆடிகளுக்குப் பதிலாக வில்லைகளை அமைத்துக் கருவியைச் சிறிதாக்கினார். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா மகாராணியார் அதனைப் பார்த்து வியந்த பின்னர், அது வீடுதோறும் பரவிற்று. 1861 அளவில், அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ், கையிற் பிடித்துப் பார்க்கும் எளிய மரக் கருவியொன்றை வகுத்தார். காப்புரிமை பெறாமலே அதனை உலகிற்கு விட்டுவிட்டார். அதிலே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. படஅட்டையைத் தாங்கும் சட்டத்தை ஒரு தண்டின்மேல் முன்னும் பின்னும் நகர்த்தலாம். கிட்டப்பார்வையுடையவர் அட்டையை அருகே இழுத்துக்கொள்வர். தூரப்பார்வையுடையவர் அப்பால் தள்ளிக்கொள்வர். பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்பக் கருவி இணங்க வேண்டும் என்ற எண்ணம், மலிவான அந்த மரத்துண்டிலேயே அடங்கியிருந்தது.

இக்கருவிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் தேவைப்பட்டன. அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் உலகெங்கும் படப்பிடிப்பாளரை அனுப்பின. அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ரிக்கல்ட்டன். பள்ளி ஆசிரியராயிருந்த இவரை, 1888இல் தோமஸ் எடிசன், மின்விளக்கின் இழைக்கு ஏற்ற மூங்கிலைத் தேடிக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பினார். பின்னர் ஆசிரியத் தொழிலை விட்டுப் படப்பிடிப்பிலே இறங்கிய அவர், இந்தியாவை இரட்டைப் படங்களாற் காட்டும் நூலொன்றை 1907இல் வெளியிட்டார். இலங்கையின் தேயிலை மலைகளும், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களும் இத்தகைய இரட்டைப்பட அட்டைகளில் ஏறினர். அதே காலத்திலே, 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவத்தைத் தமது தேயிலை விளம்பரங்களால் உலகறியச் செய்தார்.

இதன் பொருள் யாது? நூறாண்டுகளுக்கு முன்பே, பொஸ்ரனிலும் இலண்டனிலும் வாழ்ந்த குடும்பங்கள், மாலைவேளையில் வரவேற்பறையில் அமர்ந்து, இலங்கைத் தேயிலை மலையை முப்பரிமாணத்திற் கண்டு மகிழ்ந்தன. பாட்டி தன் கண்ணுக்கு ஏற்ப அட்டையை நகர்த்தினாள். பேரன் தன் கண்ணுக்கு ஏற்ப நகர்த்தினான். இருவருக்கும் காட்சி தெளிவாயிற்று. ஆனால் அட்டையிலே நின்ற பெண்ணுக்கு நாற்பது வயதானபோது, அவள் கையிலிருந்த கொழுந்தை அவளுக்குத் தெளிவாகக் காட்ட ஒரு வில்லையும் வரவில்லை. மாலையில் தராசில் நிறை குறைந்தால், அவளுக்கு வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்றே கூறினர். குறித்த நிறை எட்டாத நாளில் அரைப்பேர் போடப்பட்டது. தளர்ந்தது கையா, கண்ணா என்று கேட்டவர் இலர்.

அக்கேள்வி அறிவியல் முறையிற் கேட்கப்பட்டது மிக அண்மையிலேதான். 2017ஆம் ஆண்டில் இந்தியாவின் அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. அனைவருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. கண்ணாடி எவரிடமும் இல்லை. குலுக்கல் முறையில் அவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே இலவசமாக மூக்குக்கண்ணாடி வழங்கினர். மற்றையோருக்கு ஆய்வு முடிந்த பின் வழங்கினர். அடுத்த ஆண்டில் லான்செட் உலகச் சுகாதார இதழில் வெளியான முடிவு வியப்பூட்டுவதாயிருந்தது. கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரி 5.25 கிலோகிராம் கொழுந்து அதிகமாகப் பறித்தனர். இது நூற்றுக்கு 21.7 வீத உயர்வு. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே உயர்வு இன்னும் மிகுந்து, 31.6 வீதமாயிற்று. கை தளரவில்லை, கண்ணே மங்கியிருந்தது என்பது நிறுவப்பட்டது. அசாமின் செடியும் ஊவாவின் செடியும் ஒரே இனத்தவை; நாற்பது வயதுக் கண்ணும் எங்கும் ஒன்றே.

மீண்டும் காட்சிக் கருவிக்கு வருவோம். 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் வியூ மாஸ்டர் என்னும் கைக்கருவி அறிமுகமாயிற்று. வட்டத் தகட்டிலே சிறு வண்ணப் படங்களைப் பொருத்திப் பார்க்கும் அதனைப் பல நாட்டுச் சிறுவரும் விரும்பினர். ஆயினும் ஹோம்ஸின் கருவியிலிருந்த நகரும் சட்டம் அதில் இல்லை. 1968இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்டு, கணினி வரையும் கோட்டுருவங்களைக் கண்முன் காட்டி, தலையின் அசைவுக்கேற்ப அவற்றை மாற்றும் முதற் கருவியை அமைத்தார். கூரையிலிருந்து தொங்கும் இயந்திரக் கையோடு அது பிணைக்கப்பட்டிருந்தது. 1980களில் ஜேரன் லேனியர் மெய்நிகர் உண்மை என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் பரப்பினார். கைத்தொலைபேசியின் திரை மலிவடைந்த பின்னரே, 2012ஆம் ஆண்டு முதலாக, அக்கருவி வீடுகளை நோக்கி நடந்தது.

அப்போது பழைய கேள்வியும் கூடவே எழுந்தது. 2013இல் மென்பொருள் உருவாக்குநருக்கென வெளிவந்த ஒகியூலஸ் கருவியுடன், இயல்பான பார்வைக்கு ஒன்று, கிட்டப்பார்வைக்கு ஒன்று, மிகுந்த கிட்டப்பார்வைக்கு ஒன்று என மூன்று சோடி வில்லைகள் வைத்து அனுப்பப்பட்டன. 2014இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட கடதாசி அட்டைப் பெட்டிக் கருவி மிக மலிவானது. ஆனால் அதிலே கண்ணுக்கேற்ற திருத்தம் எதுவும் இல்லை. அடுத்து வந்த சாம்சுங் கருவியில் குவியத்தைத் திருத்தும் சிறு சக்கரம் இருந்தது. 2018, 2019ஆம் ஆண்டுக் கருவிகள் சிலவற்றுடன், மூக்குக்கண்ணாடிக்கு இடம் விடும் இடைச்சட்டமொன்று கொடுக்கப்பட்டது. 2024இல் விற்பனைக்கு வந்த அப்பிள் கருவிக்கு, அவரவர் பார்வைக்கேற்பக் கடைந்த உள்வில்லைகளை ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் செய்து கொடுக்கின்றது. ஹோம்ஸின் நகரும் சட்டத்தின் வேலையையே இவை யாவும் வெவ்வேறு வழியிற் செய்கின்றன.

கண்ணாடி அணிபவர்க்கு இக்கருவியில் ஏன் கண்ணாடி வேண்டும் என்ற ஐயம் பலருக்கு உண்டு. திரை கண்ணிலிருந்து சில சென்றிமீற்றர் தூரத்திலேயே இருப்பதால், கிட்டப்பார்வையுடையவர் கண்ணாடியின்றிப் பார்க்கலாமே என்பர். அது பிழை. திரைக்கும் கண்ணுக்கும் இடையே குவிவில்லை இருக்கின்றது. அது திரையின் பிம்பத்தை, பொதுவாக ஒன்றரை மீற்றர் அல்லது இரண்டு மீற்றர் தொலைவில் இருப்பதுபோலத் தள்ளிக் காட்டுகின்றது. இரண்டு டயொப்டர் கிட்டப்பார்வையுடைய மாணவனுக்கு அரை மீற்றருக்கு அப்பாலுள்ள யாவும் மங்கல். ஆதலால் கரும்பலகை மங்கும் கண்ணுக்குக் கருவியின் காட்சியும் மங்கும். அவன் தூரப்பார்வைக்கான தன் கண்ணாடியை அணிந்தே ஆகவேண்டும்.

வெள்ளெழுத்துடையவரின் நிலை இதற்கு நேர்மாறு. புத்தகம் படிக்கக் கண்ணாடி தேடும் ஐம்பது வயதினர், தொலைவுப் பார்வை நன்றாயிருப்பின், இக்கருவியைப் பெரும்பாலும் கண்ணாடியின்றியே பார்க்கலாம். காட்சி எட்ட இருப்பதுபோலவே அமைவதால், வாசிப்புக் கண்ணாடி அதற்குத் தேவையில்லை. இங்கே ஓர் உண்மை மனத்தைத் தொடுகின்றது. ஐம்பது வயதான தோட்டத்துப் பெண்ணொருத்திக்கு இக்கருவியை அணிவித்து, தேயிலைச் செடியொன்றின் காட்சியைக் காட்டினால், பொய்யான அந்தக் கொழுந்தின் நரம்பும் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். கருவியைக் கழற்றிவிட்டு, தன் கையிலுள்ள மெய்யான கொழுந்தைப் பார்த்தால் அது மங்கித் தோன்றும்.

கண்ணாடியோடு கருவியை அணிவோர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உண்டு. முதலாவது, கண்ணாடிச் சட்டத்தின் அளவு. அகலம் 142 மில்லிமீற்றருக்கும் உயரம் 50 மில்லிமீற்றருக்கும் மேற்படாத சட்டம் பொருந்தும் என்று புகழ்பெற்ற கருவியொன்றுக்கு வரையறை கூறப்பட்டது. கருவியை முதலில் முகத்தில் வைத்து, பின்னர் பட்டியைத் தலையின் பின்புறம் இழுக்க வேண்டும். கழற்றும்போதும் முன்புறமாகவே மெல்ல எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடியும் கருவியின் வில்லையும் உரசி, இரண்டும் கீறுபடும். இடைச்சட்டம் இருப்பின் அதனைப் பொருத்திய பின்னரே அணிய வேண்டும். இரு கண்களின் இடைவெளிக்கேற்ப வில்லைகளை நகர்த்திக்கொள்ள வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் வில்லைகள் மேல் வெயில் படலாகாது. குவிவில்லை சூரிய ஒளியைக் குவித்துத் திரையை எரித்துவிடும். சிறுவர் வகையில் உற்பத்தியாளர் 10, 12, 13 என வயது வரம்பு குறித்துள்ளனர். அதனையும் மதித்தல் வேண்டும். தலைச்சுற்றல் தோன்றினால் உடனே கழற்றிவிடுவதே முறை.

இவையெல்லாம் கண்ணாடி உடையவருக்குக் கூறும் அறிவுரைகள். தமக்குக் கண்ணாடி வேண்டும் என்பதையே அறியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். மங்கலாகவே உலகைக் கண்டு வளர்ந்த பிள்ளை, உலகமே அப்படித்தான் என்று நினைக்கின்றது. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கின்றது. கவனமில்லாத பிள்ளை, படிப்பில் நாட்டமில்லாத பிள்ளை என்ற பெயர் அதற்கு விழுகின்றது. தாய்க்குத் தராசின் முன் விழுந்த பெயரும் பிள்ளைக்கு வகுப்பறையில் விழும் பெயரும் ஒன்றே. இருவர் வகையிலும் பிழை கண்ணில் இருக்க, குற்றம் ஆள்மேல் சுமத்தப்படுகின்றது.

1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னர், அங்குள்ள பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளைப் போலவே கணிக்கப்படும் காலம் படிப்படியாக வந்தது. இலங்கையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தர மாணவரின் பார்வையும் சோதிக்கப்படுகின்றது. ஆறு மீற்றர் தூரத்தில் ஸ்நெல்லனின் அட்டையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கும் அச்சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். குறை கண்ட பிள்ளை பதுளை அரசாங்க வைத்தியசாலை போன்ற இடங்களின் கண் பிரிவுக்கு அனுப்பப்படலாம். அனுப்பும் கடிதத்துக்கும் வைத்தியசாலை வாசலுக்கும் இடையேதான் தோட்டத்துப் பிள்ளையின் பயணம் தடைப்படுகின்றது. அழைத்துச் செல்லும் தாய்க்கு ஒரு நாட் பேர் இழப்பு. பஸ் கட்டணம் ஒரு செலவு. கண்ணாடி வாங்குவது இன்னொரு செலவு. கண்ணாடி போட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்ற வீண் கவலையும் சில வீடுகளில் உண்டு. இத்தடைகளுள் எதுவும் நீக்க முடியாததன்று. பாடசாலையும் பெற்றோரும் தோட்ட நிருவாகமும் ஒரு நாளை ஒதுக்கி, பிள்ளைகளை ஒன்றாக அழைத்துச் சென்றால் பெரும்பாகம் நீங்கிவிடும். அதே நாளில் நாற்பது வயதைத் தாண்டிய தாய்மாரின் கண்களையும் சோதித்துவிட்டால் அசாமிலே கண்ட பயன் ஊவாவிலும் காணலாம்.

புதிய கருவி இன்றில்லாவிடினும் நாளை மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு வந்து சேரும். வானொலி வந்தது போல, கணினி வந்தது போல இதுவும் வரும். அன்று வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அதனை அணிவர். கண்ணாடி பெற்ற பிள்ளை கடலடியைக் கண்டு வியந்து கூவும். கண்ணாடி பெறாத பிள்ளையும் மங்கிய நீலத்தைக் கண்டுவிட்டு, மற்றவர் கூவியது போலவே தானும் கூவும். தனக்குத் தெரியவில்லை என்று வாய் திறந்து சொல்லாது. ஆகையால் விலையுயர்ந்த கருவியை வாங்குமுன் வாங்கவேண்டிய பொருள் ஒன்றுண்டு. அது எழுநூறு ஆண்டுப் பழமையுடைய மூக்குக்கண்ணாடியே.

நமுனுகுலை மலையின் அடிவாரத்திலே நாளைக் காலையும் பிரட்டுக்களத்திலிருந்து பெண்கள் மலைக்கு ஏறுவர். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு லயத்திலிருந்து பாடசாலைக்கு இறங்குவர். இவ்விரு சாராரின் கண்களையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கும் கடமை, ஆசிரியர், பெற்றோர், தோட்டத்தார் என அனைவருக்கும் உரியது என்பதை நேயர்கள் மனங்கொள்வார்களாக.